இன்னிக்கு ஒரு நாள் மட்டும்

"நீங்க டீச்சரா?" என்று கேட்டார் டாக்டர்.

இல்லை என்று நிஷாந்தி தலையை ஆட்டினாள்.

"காய்கறி கூவி விக்கறீங்களா? வீட்ல யாருக்காவது காது கேக்காதா?"

அதுவும் இல்லை. அவள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்கு வயர் கட்டுகிறாள். பதினோரு வருஷமாகக் கட்டுகிறாள். அங்கே மெஷின்கள் போடுகிற இரைச்சலில் பேசினால் பேசியவளுக்கே கேட்காது. அதனால் எல்லாரும் கையைக் காட்டியே வேலையை முடித்துக்கொள்வார்கள்.

"அப்ப வேற எங்கியோ பேசறீங்க," என்றார் டாக்டர். "தொண்டையில ரெண்டு பக்கமும் காய்ச்சுப் போயிருக்கு. தினமும் மூணு நாலு மணி நேரம் விடாம பேசறவங்களுக்குத்தான் இப்படி ஆகும். பேச்சைக் குறைங்க. இல்லன்னா முதல்ல பாட்டு போகும், அப்புறம் பேச்சும் போகும்."

பேசாத வாய்க்குப் பேச்சைக் குறை என்று வைத்தியம் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மருந்துச் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நிஷாந்தி நேராகப் பர்வீன் வீட்டுக்குப் போனாள்.

"அந்தாளு டாக்டரா ஜோசியக்காரனாடி? நான் எங்கியோ ஒளிஞ்சி பேசறேனாம்," என்றாள். அந்தக் குரல் தகர டப்பாவில் சரளைக்கல் உருளுகிற மாதிரி இருந்தது.

பர்வீன் பதினோரு வருஷமும் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுக்காரி. இந்தக் குரல் எப்படி இருந்த குரல் என்று அவளுக்குத் தெரியும். வந்தவாசியிலிருந்து காலை ஐந்தேகாலுக்குக் கிளம்புகிற கம்பெனி பஸ்ஸில் முப்பத்தெட்டு பெண்கள். அந்தக் காலத்தில் உத்திரமேரூர் வரை தூங்குவார்கள், அதற்கப்புறம் வாலாஜாபாத் வரை பாடுவார்கள். பாட்டும் அவர்களே கட்டினது. ஒருத்தி ஒரு வரி போட்டால் இன்னொருத்தி அடுத்த வரி போடுவாள், எடுத்துப் பாடுவது மட்டும் நிஷாந்தி.

அஞ்சேகால் வண்டி வருது, அடுப்பு இன்னும் அணையல
அவசரத்துல பின்னின சடை பாதிக்கு மேல பின்னல
ஏறு ஏறு ஏறுடி, எடம் புடிச்சு வெச்சிருக்கேன்
என் பாதித் தூக்கத்த உன் தோளுக்குன்னு வெச்சிருக்கேன்

அந்த மூன்றாவது வரியில் 'ஏறு ஏறு' என்று அவள் மேலே போகும்போது டிரைவரே ஹாரனைத் தொடமாட்டார்.

"குரல் போறதுக்குள்ள பாட்டைப் புடிச்சி வெச்சிடலாம்டி," என்றாள் பர்வீன். "வெறும் பாட்டா வேணாம். வீடியோவாவே எடுத்துடலாம். நம்ம பஸ்ஸு, நம்ம மூஞ்சி, நம்ம ரோடு. இன்னா சொல்ற?"

நிஷாந்தி என்ன சொல்வாள்? அவளிடம் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பர்வீன் வீட்டு உள்ளறையில் நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டுப் பாட்டைப் பதிவு செய்தார்கள். பதினேழு தடவை பாட வேண்டியிருந்தது. மூன்றாவது வரியில் குரல் பதினாறு தடவை உடைந்தது, பதினேழாவது தடவை எப்படியோ ஏறிவிட்டது. பாடி முடித்ததும் நிஷாந்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அழுகை இல்லை. ஆத்திரம்.

படம் எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் க்ளிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி எல்லாருக்கும் ஒரு க்ளிப் கொடுத்தது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சாமான். காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் ஏறி அதை மாட்டிக்கொண்டால் அடுத்த நொடி கம்பெனி வாசல். நடுவில் இரண்டு மணி நேரமும் எழுபது கிலோமீட்டரும் எங்கே போயின என்றே தெரியாது. சாயங்காலமும் அப்படித்தான், ஏறினால் வந்தவாசி. நல்ல தூக்கம் மாதிரி என்று விளக்கம் சொன்னார்கள். பயணக் களைப்பு இனி இல்லை என்று போஸ்டர் ஒட்டினார்கள். ஒன்பது பக்கத்துக்கு ஒரு படிவம் வந்தது, எல்லாரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டுக் கையும் தட்டினார்கள். தட்டின கைகளில் தன் கையும் இருந்ததை நினைத்தால் நிஷாந்திக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

க்ளிப்பும் போனும் சேர்ந்தால் தலை சுற்றும் என்று சொல்லி, ஏறும்போதே போன்களை ஒரு பையில் வாங்கி வைத்துக்கொள்வாள் கோஆர்டினேட்டர் எஸ்தர். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இப்படி ஒரு கோஆர்டினேட்டர் உண்டு. பர்வீனின் அண்ணனுடைய பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. அதை சாப்பாட்டுப் பையில் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்து ஏற்றிவிடுவது, ஏறினதும் ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுத் திரைக்குப் பின்னால் கட்டிவிடுவது, அது பாட்டுக்கு எடுக்கட்டும் என்பதுதான் திட்டம்.

"எல்லாரும் தூங்கற மூஞ்சியோட வருவாங்க, அதான் வேணும்," என்றாள் பர்வீன். "கோகிலா வாயைப் பொளந்துக்கினு இருப்பா பாரு, அத மட்டும் பத்து செகண்டு போடறேன்."

வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டார்கள். அந்த பஸ்ஸில் வெள்ளிக்கிழமை என்றால் முறை வைத்து யாராவது ஒருத்தி பஸ் முழுக்கப் பூ கொண்டுவர வேண்டும். அந்த வாரம் நிஷாந்தியின் முறை. படம் எடுக்கிற நாளாச்சே என்று வழக்கமாக வாங்குவதைப் போல இரண்டு பங்கு மல்லிகை வாங்கி, தண்ணீர் தெளித்து வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தாள். பர்வீன் திட்டப்படி போனை ஜன்னலில் கட்டினாள். எல்லாருக்கும் கொடுத்ததுபோக மிச்சத்தை எல்லாம் நிஷாந்தி தன் தலையில் சுற்றினாள். பூ காதுக்குப் பின்னால் வரை வழிந்தது. க்ளிப்பை அதன் மேலேயே அழுத்தி ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கம்பெனி வாசலுக்காகக் காத்திருந்தாள்.

வாசல் வரவில்லை. பஸ் குலுங்கியது. கண்ணைத் திறந்தால் மும்முனி தாண்டி வயல். ஈரப் பூவில் க்ளிப் சரியாக ஒட்டவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் மற்ற முப்பத்தேழு பேரும் அவளைப் போலவே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எஸ்தர் எழுந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எல்லாரும் ஒரு நிமிஷம். சர்வர் வேலை செய்யல, யாருக்குமே க்ளிப் ஆன் ஆகல. பாவம், எல்லாரும் முழிச்சிக்கினே வரணும். சும்மாதான வர்றீங்க, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. ஆள் எடுக்கற டிபார்ட்மெண்ட்ல பேச ஆள் இல்ல. நாலு ஊருக்கு போன் பண்ணி நம்ம கம்பெனியப் பத்தி நல்லபடியா சொல்லணும், அவ்ளோதான். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"ஒரு நாள்னா சரி மேடம்," என்றாள் பின்சீட்டு கோகிலா. "டெய்லின்னா எங்க வீட்டுக்காரரத் திட்ட எனக்கு வாய் மிச்சமிருக்காது."

பஸ்ஸே சிரித்தது. எஸ்தரும் சிரித்தாள். யாரோ டீ வாங்கித் தருவீர்களா என்று கேட்டார்கள், வாலாஜாபாத் தாண்டி நிறுத்துகிறேன் என்றாள் எஸ்தர்.

நிஷாந்திக்கு உள்ளூர சந்தோஷம்தான். எத்தனை நாளாச்சு இந்த ரோட்டைப் பார்த்து! ஒரு நாள்தானே என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை, அவளைக் கேட்காமல், முன்சீட்டின் பின்பக்கப் பைக்குள் போய் ஒரு ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டியது. அங்கே ஹெட்போன் இருப்பது அவளுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

காதில் மணி அடித்தது. ஒரு பெண் குரல் ஹலோ என்றது. நிஷாந்தி வாயைத் திறந்தாள், திறந்த வாயிலிருந்து வழவழவென்று வந்தது பேச்சு. "வணக்கம்மா, சாப்பிட்டீங்களா? நான் உங்க வீட்டுப் பொண்ணு மாதிரி நெனச்சிக்குங்க. உங்க பொண்ணு பத்திரமா இருக்கும்மா. ஆஸ்டல் இருக்கு, பஸ் இருக்கு. அலைச்சலே தெரியாது. கண்ண மூடித் தொறந்தா கம்பெனி."

எங்கே தேன் தடவ வேண்டும், எங்கே நிறுத்திப் பெருமூச்சு விட வேண்டும் என்றெல்லாம் அந்த வாய்க்குப் பாடமாகியிருந்தது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அடுத்த போன். அடுத்த போன். உத்திரமேரூர் வந்தது, வாலாஜாபாத் போனது, டீக்கு நிற்கவில்லை. இருபத்தாறாவது போனில் தொண்டை எரிய ஆரம்பித்தது. அந்த எரிச்சல் அவளுக்கு நன்றாகவே தெரியும். மூன்று வருஷமாக தினமும் கம்பெனி வாசலில் இறங்கும்போது இருக்கிற எரிச்சல்.

வாசலில் இறங்கி எல்லாரும் க்ளிப்பைக் கழற்றித் தட்டில் போட்டார்கள். பர்வீன் சோம்பல் முறித்தாள். "ஏறினேன், எறங்கிட்டேன்," என்று தினமும் சொல்வதையே சொன்னாள்.

"இன்னிக்கு க்ளிப் ஆன் ஆகலையேடி," என்றாள் நிஷாந்தி.

"இன்னா ஒளர்ற? எனக்கு ஆச்சே."

நிஷாந்தி அவள் முகத்தையே பார்த்தாள். விளையாட்டு இல்லை. அதற்குள் சங்கு ஊதிவிட்டது, ஆளுக்கொரு வரிசைக்கு ஓட வேண்டியிருந்தது. சாயங்காலம் பூ வதங்கி விழுந்துவிட்டிருந்தது. ஏறினாள், இறங்கினாள், வந்தவாசி.

சனிக்கிழமை காலை, பூதான் காரணமோ என்ற சந்தேகத்தில், புதிதாக வாங்கின பூவை ஈரத்தோடு காதுக்குப் பின்னால் வேண்டுமென்றே திணித்துக்கொண்டு ஏறினாள். பழைய போனும் மறுபடி ஜன்னலுக்கு வந்தது. மும்முனி தாண்டியது. எஸ்தர் எழுந்தாள், கம்பியைப் பிடித்தாள்.

"அம்மா, எல்லாரும் ஒரு நிமிஷம். சர்வர் வேலை செய்யல, யாருக்குமே க்ளிப் ஆன் ஆகல. பாவம், எல்லாரும் முழிச்சிக்கினே வரணும்."

நிஷாந்தி எஸ்தரின் வாயையே பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்," என்று முடித்தாள் எஸ்தர்.

"ஒரு நாள்னா சரி மேடம்," என்றாள் கோகிலா. "டெய்லின்னா எங்க வீட்டுக்காரரத் திட்ட எனக்கு வாய் மிச்சமிருக்காது."

பஸ் சிரித்தது. நேற்று எந்த இடத்தில் சிரித்ததோ அதே இடத்தில், அதே அளவுக்கு. எஸ்தரும் சிரித்தாள். பக்கத்தில் பர்வீன் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டே பைக்குள் கை விட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நிஷாந்திக்கு முதன்முதலாகக் கொலைவெறி வந்தது. எழுந்து நின்று கத்தியிருப்பாள். கத்தினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தாள். முப்பத்தேழு பேரும் கேட்பார்கள், பொங்குவார்கள். வாசலில் இறங்கும்போது சோம்பல் முறிப்பார்கள். தன் பூவை மட்டும் எஸ்தர் பிடுங்கிப்போடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் ஹெட்போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பர்வீன் வீட்டில் பழைய போனில் பதிவானதைப் போட்டுப் பார்த்தார்கள். பர்வீன் முதலில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பது நின்றது. வெள்ளிக்கிழமையை ஒரு தடவை, சனிக்கிழமையை ஒரு தடவை பார்த்தாள். போனைக் கட்டிலில் வீசிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அப்ப நாம தூங்கலையா?"

"தூங்கினாத்தான? ரோடு பூரா முழிச்சிக்கினுதான் இருக்கோம். குலுக்கல், வாந்தி, வெயிலு, எல்லாம் பட்டுக்கினுதான் வர்றோம். ஞாபகத்துல மட்டும் ஏறாம அந்தச் சனியன் தடுக்குது. இன்னா நடந்துச்சுன்றது தங்காது. கையும் வாயும் கத்துக்கினது மட்டும் தங்கிடும், சைக்கிள் ஓட்டறாப்ல."

"இதுக்கு ஏண்டி நாம? மெஷினு பேசாதா?"

"மெஷின் பேசினா மெஷின்னு மொதல்லயே சொல்லணும்னு சட்டம் வந்துச்சு இல்ல? யாரு கேப்பாங்க? நம்ம ஊர் வாயி பேசினா நம்புவாங்க."

பர்வீன் கட்டிலில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கேட்டாள். "என் பெரியவன் ராத்திரி படுக்கறதுக்கு முன்னால கத படிச்சிக் காட்டுன்னு கெஞ்சுவான். தொண்டை கட்டிக்கினு இருக்குடா, போடான்னு அடிச்சிருக்கேன். தெரியுமா உனக்கு?"

கம்பெனி வேலைக்கு எடுப்பது கையை. வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, எடுத்ததை மறக்கவும் வைத்த திருட்டுக்கு எந்த ஊரில் என்ன பேர் என்று தெரியவில்லை. வழிப்பறிக்காரன்கூட அடித்த இடத்தில் ஒரு காயத்தை விட்டுவிட்டுப் போவான்.

பாட்டு வீடியோ அன்றைக்கு வேறு வீடியோவாக மாறியது. ஒரு நாள் படம் போதாது என்று பர்வீன் சொன்னாள். பத்து நாள் வேண்டும். தினமும் பூவை வைத்துக்கொண்டு நிஷாந்தி முழித்துக்கொண்டே போனாள், போன் ஜன்னலில் இருந்தது. பர்வீன் தனக்குப் பூ வேண்டாம் என்றுவிட்டாள். "ஒருத்தி ஞாபகம் வெச்சிக்கினா போதும்டி. எனக்குத் தாங்காது." நிஷாந்திக்கு அதில் வருத்தம்தான். சொல்லிக்கொள்ளவில்லை. பிடிபடாமல் இருக்கத் தினமும் பேச வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொன்னவர்களை மறுபடி வற்புறுத்தாமல் விட்டாள். அவளால் செய்ய முடிந்த நியாயம் அவ்வளவுதான்.

பத்து நாள் எஸ்தரையும் பர்வீன் வெட்டி ஒட்டினாள். மூன்று நிமிஷப் பாட்டு. ஒவ்வொரு அடி முடிந்ததும் எஸ்தர் வந்தாள். திங்கள்கிழமை நீலப் புடவை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். செவ்வாய்க்கிழமை மஞ்சள் சுடிதார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும். அவள் சொல்லச் சொல்ல அதுவே தாளமாக விழுந்தது. கோகிலாவின் நகைச்சுவை பத்துத் தடவை, பஸ்ஸின் சிரிப்பு பத்துத் தடவை. கடைசியில் முப்பத்தெட்டு வாயும் ஒரே நேரத்தில் அசைகிற காட்சி, அதன் மேல் நிஷாந்தியின் உடையாத ஒரே குரல், 'ஏறு ஏறு ஏறுடி'.

பத்து நாளும் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, பஸ் குரூப்பில் போட்டார்கள். பஸ்ஸில் காட்டினால் மறந்துபோகும், வீட்டில் பார்த்தால் மறக்காது. ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்கள். பிறகு கோகிலாவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "நாளைக்கு யாரும் ஏறாதீங்க."

திங்கட்கிழமை காலை பெட்ரோல் பங்க் வாசலில் பஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றது. முப்பத்தெட்டு பேரும் கீழே நின்றார்கள். படியில் எஸ்தர், கையில் போன் பை.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் நிஷாந்தி. கேட்டது பாதிதான் வெளியே வந்தது.

எஸ்தர் மழுப்பவில்லை. வீடியோ அவளுக்கும் வந்திருந்தது. "தொள்ளாயிரம் நாளுக்கு மேல ஆச்சு. நான் யாரையாவது அடிச்சேனா? கைய முறுக்கினேனா? டெய்லி கேட்டேன். டெய்லி நீங்களேதான சரின்னீங்க!"

"ஒரு நாளுன்னு சொல்லித்தான கேட்ட?" என்றாள் பர்வீன்.

"வேற எப்படிக் கேக்கறது? மொத வாரம் உண்மையச் சொல்லித்தான் கேட்டேன். ஒருத்தி ஒத்துக்கல. ஒரு நாளுன்னு சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கினீங்க. அப்புறம் மாத்தல." எஸ்தரின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் ஒரு க்ளிப் குடுங்கன்னு கேட்டேன் தெரியுமா? யாராவது ஒருத்தர் ஞாபகம் வெச்சிருக்கணும்மான்னுட்டாங்க. இந்தக் கோகிலா ஜோக்குக்கு நான் தொள்ளாயிரம் தடவை சிரிச்சிருக்கேன். என் பொழப்பையும் கொஞ்சம் பாருங்க."

கோகிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்குக் கீழே வந்து நின்றாள். பஸ்ஸில் எப்போதும் வாய் ஓயாதவள். "எங்க, இன்னொரு தடவ சிரி. பாக்கறேன்," என்றாள்.

எஸ்தர் சிரிக்கவில்லை. டிரைவருக்கு ஒரு போன் வந்தது. அவர் சரிங்க, சரிங்க என்றார். கதவு மூடியது, காலி பஸ் போய்விட்டது. பத்து மணிக்குள் எல்லார் போனுக்கும் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது. வந்தவாசி பஸ் மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகிறது. பயண நேரத்தில் இலகுவான பணிகளில் ஈடுபட ஒன்பது பக்கப் படிவத்தின் ஏழாம் பக்கத்தில் ஊழியர்கள் சம்மதித்திருக்கிறார்கள். இலகுவாம்!

நிஷாந்திக்கு பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட ஒரு திமிர் தூக்கலாக இருந்தது, மூன்று வருஷத்துக்கப்புறம் வந்த நல்ல திமிர். வீடியோ குரூப்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. யார் யாரோ பார்க்கிறார்கள், யார் யாரோ பகிர்கிறார்கள் என்று பர்வீன் அரைமணிக்கு ஒரு தரம் கூப்பிட்டுச் சொன்னாள். வீடியோவின் கடைசியில் நிஷாந்தியின் போன் நம்பரைப் போட்டிருந்தார்கள், வேறு பஸ்காரிகள் கூப்பிடட்டும் என்று. கூப்பிடவும் செய்தார்கள். நான்கு பஸ்களிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நிஷாந்தி பூ விஷயத்தைச் சொன்னதும், நாளைக்கே காதுக்குப் பின்னால் பூ வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு இன்னொரு போன் வந்தது.

"பாட்டுப் பாடினது நீங்கதானுங்களா?" என்றது ஒரு பெண் குரல். "நான் அரூர்ப் பக்கமுங்க. எம்பேரு மாதம்மா."

"ஆமாங்க. எந்த பஸ்ல போறீங்க?"

"நான் கம்பெனிக்கெல்லாம் போவலைங்க. ஆட்டுக்கு வேலி கட்டிட்டிருந்தேன், எங்கூட்டுக்காரர் அந்தப் பாட்டைப் போட்டாரு. குரலைக் கேட்டதும் தெரிஞ்சிடுச்சு. போன வருசம் மாசியில எங்களுக்கு போன் பண்ணினது நீங்கதான்."

நிஷாந்தி உட்கார்ந்தாள்.

"எந்தங்கச்சி சந்தியாவுக்கு வேலைன்னு சொன்னீங்க. நாலு தடவ பேசினீங்க. மொத ரெண்டு தடவ நான் வேணாம்னுட்டேன். மூணாவது தடவ பேசினப்ப நீங்க ஒரு மாதிரி பேசினீங்க. மெல்லமா, வாயைப் பொத்திக்கிட்டுப் பேசறாப்ல. அனுப்பாதீங்கம்மா, இவங்க சொல்றது ஒண்ணும் நெசமில்ல, நான் பஸ்ஸுல இருந்து பேசறேன், அனுப்பாதீங்கன்னு சொன்னீங்க. அழுதீங்க. அப்புறம் யாரோ வந்தாப்ல இருந்திச்சு, வெச்சிட்டீங்க."

நிஷாந்திக்கு அது ஞாபகமில்லை. எவ்வளவு தேடினாலும் அந்த இடத்தில் கம்பெனி வாசல்தான் இருந்தது. அப்படியானால் ஒரு நாள் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். பூவும் இல்லாமல், வீடியோவும் இல்லாமல், தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள், யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணிடம் சொல்லியும் இருக்கிறாள். ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது.

"மறுநாள் மறுபடி கூப்பிட்டீங்க," என்றாள் மாதம்மா. "சாப்பிட்டீங்களா, உங்க வீட்டுப் பொண்ணு மாதிரின்னு ஆரம்பிச்சீங்க. நேத்து அனுப்பாதேன்னு சொன்னீங்களே கண்ணுன்னு கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களேன்னீங்க. சிரிச்சீங்க. வேற யாராச்சும் வெளையாடியிருப்பாங்கம்மா, நான் பொறுப்பு, தைரியமா அனுப்புங்கன்னீங்க. குரல் ஒரே குரலு. நான் எதைன்னு நம்புவேன்? யாரோ வெளையாடிட்டாங்கன்னே நெனச்சோம்." அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "இப்ப நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னதுல எது நெசம்?"

"அனுப்பாதீங்கன்னு சொன்னதுதான்," என்றாள் நிஷாந்தி.

"அனுப்பிட்டோமே," என்றாள் மாதம்மா. "ஆஸ்டல்ல இருக்கா. தெனமும் ஒரு மணி நேரம் பஸ்ஸாம். வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவா. ரெண்டு மாசமா பேசினா சத்தமே வர மாட்டேங்குது. சளி பிடிச்சிருக்குதுன்னு சொல்றா."

நிஷாந்தி எழுந்து நின்றாள். கம்பெனியின் மேல், எஸ்தரின் மேல், ஏழாம் பக்கத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே இருந்தது, ஆனால் அது எதுவும் இந்தப் பெண்ணுக்குப் பதிலாகாது. எந்த ஆஸ்டல், எந்த பஸ், எத்தனை மணிக்கு ஏறுவாள் என்று கேட்க வாயைத் திறந்தாள். இரண்டு தடவை வெறும் காற்றுதான் வந்தது. மாதம்மா ஹலோ ஹலோ என்றாள், லைனைத் துண்டித்துவிடப் போகிறாளோ என்று பயமாக இருந்தது. நிஷாந்தி தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கேட்டாள்.